தண்டனை அன்று என்னும் சொல்: அமெரிக்கச் சிறார் நீதியும் பாலியல் குற்றப் பதிவேடும்

அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் 1899ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் தோற்றம் பெற்றது. தவறிழைத்த சிறுவனைக் குற்றவாளியாகக் கருதாது, அரசே பெற்றோர் நிலையில் நின்று திருத்த வேண்டிய பிள்ளையாக அம்மன்றம் கருதியது. ஆதலின் ‘குற்றத்தீர்ப்பு’, ‘தண்டனை’ ஆகிய சொற்கள் விலக்கப்பட்டன. வழக்கின் விவரங்களை மறைத்துக் காப்பதும் நாளடைவில் இம்முறையின் உறுதிமொழியாயிற்று. தென் கரோலினா, டெலவேர் முதலிய மாநிலங்களில் இப்பொறுப்பைக் குடும்ப நீதிமன்றம் ஏற்றுள்ளது. தமிழில் நாம் ‘இளங்குற்றவாளி’ என எளிதாக எழுதிவிடுகிறோம். அம்மன்றம் தவிர்க்க விரும்பியதையே அச்சொல் சொல்லிவிடுகிறது.

இச்சொல் விலக்கு என்றும் நன்மையே பயந்தது எனக் கூறுவதற்கில்லை. அரிசோனாவில் 1964ஆம் ஆண்டு, அண்டை வீட்டுப் பெண்மணியிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாகப் 15 வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். வழக்கறிஞர் துணையின்றி விசாரிக்கப்பட்ட அவனை 21 வயது வரை அரசுத் தொழிற்பள்ளியில் வைக்க ஆணையிடப்பட்டது. வயது வந்தவர் அதே செயலைச் செய்திருப்பின் மிகுதியாக 50 டாலர் அபராதமோ இரண்டு மாதச் சிறையோதான் கிடைத்திருக்கும். தண்டனை அன்று, ஆகவே தற்காப்பு உரிமைகளும் வேண்டா என்பதே அன்றைய வாதம். 1967இல் கால்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை மறுத்தது.

அதே வாதம் பின்னர் வேறு வாயில்வழி நுழைந்ததை நாம் காண்கிறோம். குழந்தைகளைப் பெரியவர்கள் கடத்திக் கொன்ற நிகழ்வுகள் எழுப்பிய கொந்தளிப்பினால், 1994, 1996ஆம் ஆண்டுகளின் கூட்டரசுச் சட்டங்கள் பதிவேட்டையும் பொது அறிவிப்பையும் கட்டாயமாக்கின. 2003இல் அலாஸ்கா மாநில வழக்கொன்றில், பதிவேடு தண்டனை அன்று, பொதுப் பாதுகாப்பு ஏற்பாடே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டமோ, ‘குற்றத்தீர்ப்புப் பெற்றவர்’ என்னும் சொல்லின் வரையறைக்குள், கடும் பாலியல் குற்றம் புரிந்ததாகச் சிறார் நீதிமன்றம் முடிவு செய்த 14 வயதும் அதற்கு மேலும் ஆன சிறுவரையும் சேர்த்தது. நூறாண்டுக் காலம் விலக்கி வைத்த சொல் ஒரு வரையறைத் தொடரினால் மீண்டது. அவர்களின் விவரத்தைப் பொது இணையத்தளத்தில் வெளியிடாதிருக்க மாநிலங்களுக்கு இசைவளித்த வழிகாட்டு நெறி 2011இல்தான் வந்தது.

பாதிக்கப்பட்டோரின் துயரை நாம் சிறிதாக எண்ணவில்லை; அவர்களும் பெரும்பாலும் சிறுவரே. ஆயினும் பல வழக்குகளில் அவர்கள் உடன்பிறந்தோராகவோ உறவினராகவோ இருக்கின்றனர். அண்ணனின் பெயர் வெளிப்பட்டால் தங்கையும் அடையாளம் காணப்படுவாள். தென் கரோலினாவில் எலிசபெத் லெட்டூர்னோ குழுவினர் நிகழ்த்திய ஆய்வுகள், பதிவேட்டினால் சிறுவர் மீண்டும் பாலியல் குற்றம் புரிவது குறையவில்லை எனக் காட்டின. மேலும், பதிவுமுறை வந்தபின் இத்தகைய வழக்குகளை மேற்கொண்டு நடத்த அரசு வழக்குரைஞர்கள் முன்னிலும் தயங்கினர் என்பதும் தெரிய வந்தது. கடுமை மிகுந்த சட்டம், விசாரணையே நடவாத நிலைக்கு இடம் தந்தது போலும்.

மாநில உச்ச நீதிமன்றங்கள் ஒருமித்துச் செல்லவில்லை. சிறார் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டவரைத் தாமாகவே வாழ்நாள் பதிவுக்கு உட்படுத்துவது கொடிய தண்டனை என ஒகாயோ 2012இல் கூறிற்று. சிறுவன் மீண்டும் தவறிழைப்பான் என மறுக்க வழியின்றி அனுமானிப்பது முறையன்று எனப் பென்சில்வேனியா 2014இல் கூறிற்று. இவ்விரண்டிற்கும் இடையே, 2013இல், குடும்ப நீதிமன்றம் விதித்த வாழ்நாள் பதிவைத் தென் கரோலினா உறுதி செய்தது. 2021இல் வயது வந்தோர் ஒருவர் வழக்கில், மறுஆய்வுக்கு வழியில்லாத வாழ்நாள் பதிவு செல்லாது என அதே மன்றம் அறிவித்தது. ஆனால் அத்தீர்ப்பு உரிய நெறிமுறை என்னும் உரிமையின் அடிப்படையில் எழுந்ததேயன்றி, பதிவேடு தண்டனையே என்னும் முடிவின்மேல் எழுந்ததன்று.