வரிசைகளின் உடைமை: ஒரு வரலாற்றுக் குறிப்பு

உயிரினங்களின் பரம்பரையலகுத் தொகுதிகளைக் கணனியின் துணைகொண்டு ஒப்பிட்டாராயும் துறையின் வரலாறு, பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. எனினும், ஒப்பிடுவதற்குரிய தரவு எவருக்குரியது என்னும் வினாவும் அவ்வரலாற்றை நிர்ணயித்துள்ளது.

1965 இல் அமெரிக்க விஞ்ஞானி மாகிரட் டேஹொவ், சகாக்களுடன் இணைந்து 65 புரதங்களின் அமினோவமில வரிசைகளைத் திரட்டி நூலாக வெளியிட்டார். ஒரே புரதம் வெவ்வேறு உயிரினங்களில் எவ்வெவ்விடங்களில் வேறுபடுகின்றது என்பதைக் கணித்து, அவற்றின் பரிணாம உறவை அறியும் முறையை வளர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர். அவ்வரிசைகளோ பல ஆய்வுகூடங்களின் உழைப்பின் பேறு. ஆயினும் தொகுப்பின் பதிப்புரிமை அவரது நிறுவனத்திடமே இருந்தது; செலவை ஈடுசெய்யும் பொருட்டு அது விலைக்கு விற்கப்பட்டது. இதனை ஆய்வாளர் பலர் கண்டித்தனர்.

1982 இல் அமெரிக்க அரசு டி.என்.ஏ. வரிசைகளுக்குப் பொதுக் களஞ்சியமொன்றை நிறுவியபோது, தரவுக்கு உரிமை கோராது வழங்க முன்வந்த லொஸ் அலமொஸ் குழுவினரே அதனைத் தொகுக்கும் பணியைப் பெற்றனர். அதுவே ஜென்பாங்க். 1996 இல் பெர்மியூடாவில் கூடிய விஞ்ஞானிகள், மனிதப் பரம்பரையலகு வரிசைகளை 24 மணித்தியாலங்களுள் வெளியிட வேண்டுமென இணங்கினர்.

இவ்விணக்கத்தின் பெறுமதி 2020 ஜனவரியில் புலனாயிற்று. புதிய கொரோனா வைரசின் வரிசை பகிரங்கமாக வெளியிடப்பட்டதும், முன்னைய சார்ஸ் வைரசுடன் அது ஏறத்தாழ 79 சதவீதம் ஒத்திருந்தமை விரைவில் அறியப்பட்டது. தடுப்பூசி ஆய்வும் உடன் தொடங்கியது. தனித்து நிற்கும் வரிசை அதிகம் உரைப்பதில்லை; பிறவற்றோடு வைத்து நோக்கும்போதே அது பொருள் பெறுகின்றது. ஆதலின், தரவின் பொதுவுடைமை இத்துறைக்கு ஓர் அறநெறி மாத்திரமன்று. அதன் ஆய்வுமுறைக்கே அடிப்படையாகும்.