கவுண்டரில் பத்து நிமிஷம்

எட்டாயிரம் ரூபாய்க்குள் போன் கேட்டு வருகிறவர் அதிகம் பேச மாட்டார். கையில் இருக்கிற பணத்துக்கு எது வருமோ அதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஐம்பதாயிரத்துக்கு மேல் வாங்குகிறவரும் பேச மாட்டார். எதை வாங்குவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் அவர் கடைப்படி ஏறுவார். நடுவில் இருப்பவர்தான் என் பிழைப்பு, என் தலைவலியும் அவர்தான். பதினைந்தில் ஆரம்பித்து இருபத்தைந்து வரை ஏறி, பதினெட்டுக்கு இறங்கி, மச்சானுக்குப் போன் போட்டு விசாரித்து, யூடியூப்பில் எவரோ சொன்ன குறையை எனக்கே திருப்பிச் சொல்லி, கடைசியில் "இதுல என்னண்ணே புதுசு?" என்பார்.

கும்பகோணத்தில் கீபேட் போன் காலத்திலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறேன். என் கட்சி இதுதான்: நடுத்தர விலை போனில் வருகிற புதுமைகளில் பாதிக்குப் பாதி, வாங்கியவர் மூன்று வருஷம் வைத்துப் புழங்குவதற்காகச் செய்ததல்ல. கவுண்டரில் நிற்கிற அந்தப் பத்து நிமிஷத்துக்காகச் செய்தது.

முன்பு இப்படி இல்லை. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு அது. அப்போதெல்லாம் வருகிற அழைப்புக்கும் காசு. 2003 மே மாதம் அது இலவசமானது. அதே வருஷம் ரிலையன்ஸ், 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று அறிவித்தது. அதன் பிறகுதான் எங்கள் மாதிரிக் கடைகளுக்கு வேலையே வந்தது.

நோக்கியா 1100 வந்ததும் அந்த வருஷம்தான். கேமரா கிடையாது, கலர் கிடையாது. தூசி நுழையாத ஒரே துண்டு ரப்பர் கீபேட், வேர்வைக் கையிலும் வழுக்காத பக்கங்கள், சி பட்டனை அழுத்திப் பிடித்தால் எரிகிற டார்ச். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அந்த டார்ச்சைப் பற்றி நான் யாருக்கும் விளக்கம் சொன்னதே இல்லை. கரண்ட் போகிற ஊரில் டார்ச்சுக்கு விளக்கவுரை எதற்கு?

அடுத்து வந்தது சீனா செட். என் கடை வாழ்க்கையில் அதைப் போலக் கூத்தடித்த காலம் வேறு இல்லை. கொஞ்சம் கௌரவம் பார்க்கிறவர்கள் அதையே கொரியா செட் என்பார்கள். தைவானின் மீடியாடெக் நிறுவனம் சிப்பையும் அதை ஓட்டும் மென்பொருளையும் சேர்த்துத் தயார் நிலையில் கொடுக்க ஆரம்பித்ததும், ஷென்ஜெனில் இருந்த சின்னச் சின்னப் பட்டறைகள்கூட போன் தயாரிப்பாளர்கள் ஆகிவிட்டன. ஆராய்ச்சிப் பிரிவு, அனுமதிக் கூட்டம் எதுவும் அவர்களுக்குக் கிடையாது. யாருக்கு எது தோன்றியதோ அதையெல்லாம் வைத்தார்கள். முதுகில் நாலு ஸ்பீக்கர், இழுத்தால் நீளும் ஆன்டெனாவோடு டிவி, பாட்டுக்குத் தகுந்தாற்போல் மினுக்கும் கலர் லைட், தொட்டு எழுத ஒரு குச்சி. மேலே பெயர் "நோக்லா". கண்ணாடி போடாத பெரியவர் கண்ணுக்கு அது நோக்கியாதான்.

சிரிக்கலாம். ஆனால் இரண்டு சிம் போடுகிற வசதியை நம் ஊரில் பரப்பியது இந்தக் கூத்தாடிப் பெட்டிதான். ஏர்செல்லில் ஒரு ரேட் கட்டர், இன்னொரு கம்பெனியில் ராத்திரி இலவசம் என்று எல்லோர் சட்டைப் பையிலும் இரண்டு சிம் இருந்த காலம் அது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட்டு, கழற்றியதை பர்ஸில் தொலைத்துவிட்டு, அதைத் தேடி என் கடைக்கே வருவார்கள். அந்தச் சங்கடத்தைப் புரிந்துகொண்டது ஷென்ஜென் பட்டறைக்காரன். நோக்கியா தன் முதல் இரட்டை சிம் போனை அறிவித்தது 2010-இல்தான். எங்களுக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீபெரும்புதூரில், 2006 முதல் அவர்கள் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து எங்கள் ஊர் ரீசார்ஜ் கடையை யாராவது ஒரு நாள் வந்து பார்த்திருந்தால் போதும். 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. வரித் தகராறு, மைக்ரோசாஃப்ட் கைக்கு நோக்கியாவின் போன் பிரிவு மாறியது என்று அதற்குக் காரணங்கள் வேறு.

சீனா செட்டுக்கு முடிவு வந்தது 2009 நவம்பர் 30 நள்ளிரவில். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி அடையாளமான ஐஎம்இஐ எண் இல்லாத போன்களுக்கு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அரசு உத்தரவு. அதற்கு முந்தைய வாரங்களில் கடையில் கூட்டம் பார்க்க வேண்டுமே! ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று ஆளுக்கு ஆள் அழுத்திப் பார்த்து, திரையில் வரிசையாகப் பூஜ்யங்கள் வந்தவர்கள் முகம் தொங்கிப் போனார்கள். பதினைந்து இலக்கத்துக்குப் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பதற்றம். அந்த இடத்தைப் பிடிக்க முன்பே வந்துவிட்ட இந்தியக் கம்பெனிகளும் முதலில் தேவையைத்தான் விற்றன. மைக்ரோமேக்ஸின் எக்ஸ்1ஐ, 2008-இல், ஒரு தடவை சார்ஜ் போட்டால் முப்பது நாள் நிற்கும் என்று சொல்லி வந்தது. மின்வெட்டில் புழுங்கிய தமிழ்நாட்டில் அதற்கு மேல் விளம்பரம் வேண்டுமா?

ஸ்க்ரீன் பெரிதான பிறகுதான் எண் விளையாட்டு ஆரம்பித்தது என்பேன். 2012-இல் 9,999 ரூபாய்க்கு மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் 2 வந்தது. ஐந்து அங்குலத் திரை. மறு வருஷம் ஹாலிவுட் நடிகர் ஹ்யூ ஜாக்மேனையே விளம்பரத்துக்குக் கூட்டி வந்தார்கள். நம் நாட்டுக் கம்பெனி போனுக்கு, வுல்வரினாக நடித்தவர்! எங்கள் வாடிக்கையாளர் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. "கோபக்கார வெள்ளைக்காரர் போன்" என்று கேட்டு வாங்கினார்கள்.

2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி வந்தது, ஆன்லைனில் மட்டும், 12,499 ரூபாய். பெட்டியில் பெருமையடிக்க ஒரு எண்ணும் கிடையாது. கேமரா வெறும் ஐந்து மெகாபிக்சல், மெமரி கார்டு போட இடமில்லை. ஆனால் தொங்காமல் ஓடியது. எனக்கு ஒரு பைசா லாபம் தராத அந்த போனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல மனசு கசக்கிறது, இருந்தாலும் உண்மை அதுதான். அதே வருஷம் ஜூலையில் ஷாவ்மி எம்ஐ 3 வந்து, வாரம் ஒரு நாள், இரண்டு மணிக்கு விற்பனை என்று அறிவித்து, சில விநாடிகளில் தீர்ந்துபோன கதை ஊருக்கே தெரியும். கல்லூரிப் பையன்கள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் வைஃபை வாங்கி, என் கண்ணெதிரே அந்த விற்பனைக்கு முயன்றார்கள். போன் கிடைத்தவன் டெம்பர் கிளாஸ் ஒட்ட என்னிடம் வந்தான். அந்த வருஷங்களில் என் குடும்பத்தைக் காப்பாற்றியது அடுத்தவன் விற்ற போனுக்கு நான் ஒட்டிய கண்ணாடிதான்.

ஓப்போவும் விவோவும் கடைகளைத் தேடி வந்தபோது எங்களுக்குப் போன உயிர் திரும்பியது. போர்டு அவர்கள் செலவு, லைட் அவர்கள் செலவு, கம்பெனி டீ-ஷர்ட் போட்ட புரமோட்டர் பையனும் அவர்கள் செலவு. பச்சையும் நீலமுமாகத் தெருவே மாறியது. 2016 நவம்பரில் வந்த விவோ வி5-இல் முன்பக்கக் கேமரா 20 மெகாபிக்சல். முகத்தை எடுக்கத்தான் இத்தனையும். அதோடு பியூட்டி மோடு. புரமோட்டர் தம்பி போனை வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே நீட்டுவான். பருவும் தழும்பும் மறைந்து, நிறம் இரண்டு பங்கு ஏறி, கன்னம் மெலிந்து ஒருவர் திரையில் தெரிவார். அவரைப் பார்த்து நம் ஆள் வெட்கப்பட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் பில் போட்டுவிடலாம். ஒரு அம்மா மட்டும், "என் பையன் கறுப்புதான், அவனை அவனாவே காட்டுற போன் எது?" என்று கேட்டார். புரமோட்டரிடம் அதற்கு ஸ்கீம் இல்லை.

அதே 2016-இல் சாம்சங் கேலக்சி ஜே3-இல் "எஸ் பைக் மோடு" வந்தது. வண்டி ஓட்டும்போது அதைப் போட்டு வைத்தால், கூப்பிடுகிறவருக்கு "இவர் வண்டியில் இருக்கிறார், அவசரமென்றால் ஒன்றை அழுத்துங்கள்" என்று குரல் சொல்லும். நல்ல எண்ணம்தான். ஆனால் நம் ஊரில் அவசரமில்லாமல் போன் செய்கிறவர் யார்? மாமியார் ஒன்றை அழுத்துவார், சீட்டு கட்டியவர் ஒன்றை அழுத்துவார், கடன்காரர் முதல் ரிங்குக்கு முன்னாலேயே அழுத்திவிடுவார்.

கேமரா எண் சங்கதிக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம். 2019-இல் ரெட்மி நோட் 7 ப்ரோ 48 மெகாபிக்சல் என்று வந்தது. சாதாரணமாகப் படம் எடுத்தால், நாலு நாலு புள்ளியாகச் சேர்த்து ஒன்றாக்கி, 12 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் அதுதான் நல்லது, அதில் தப்பில்லை. 2021-இல் நோட் 10 ப்ரோ மேக்ஸ் 108 என்று வந்தது. இப்போது ஒன்பது ஒன்பதாகச் சேர்த்தார்கள். கணக்குப் போடுங்கள், மறுபடி 12. பெட்டி மேல் எண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, கைக்கு வந்த படம் இருந்த இடத்திலேயே இருந்தது. முழு 108-ஐயும் வேண்டுமென்று மெனுவுக்குள் போய்த் தேடிய வாடிக்கையாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

நடுவில் நாலு கேமரா மோகம் வேறு. ரெட்மி நோட் 8-இன் முதுகில் 48, 8, 2, 2. கடைசி இரண்டும் எதற்கு? ஒன்று, எறும்பைக் கிட்டத்தில் போய் எடுக்க. இன்னொன்று, பின்னணியை மங்கலாக்க உதவுவதற்காம். அந்த இரண்டாவதை விரலால் மூடிவிட்டுப் படம் எடுத்துப் பாருங்கள் என்று நான் சொல்வதுண்டு. பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. கவுண்டரில் மட்டும் அது வேலை செய்யும். போனைத் திருப்பி வைத்தால் நாலு கண் தெரிகிறதே, மச்சான் போனில் மூன்றுதானே!

ரேம் கதையும் இதுதான். பெட்டியில் "8+8 = 16" என்று இருக்கும். இரண்டாவது எட்டு, போனின் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. ரேமின் வேகம் அதற்கு வராது. நம் சாப்பாட்டுத் தட்டிலிருந்தே எடுத்து நமக்கே விருந்து வைக்கிற உபசாரம்.

அப்புறம் நிறம் மாறும் முதுகு. 2022-இல் விவோ வி23 வெயிலில் நிறம் மாறியது. எங்கள் ஊரில் அதைக் காட்ட வசதியாக இருந்தது, வெயிலுக்கா பஞ்சம்? அல்ட்ரா வயலெட் விளக்கு வைத்துக் காட்டவும் செய்தார்கள். 2025 ஜனவரியில் ரியல்மி 14 ப்ரோ வந்தது. இது குளிரில் மாறும். 16 டிகிரிக்குக் கீழே போனால் முத்து வெள்ளை முதுகு நீலமாகும். கும்பகோணத்தில் மார்கழி விடியலில்கூட 16 வராது. ஏசியை முழுதாக வைத்தாலும் என் கடையில் வராது, கதவு திறந்தே கிடக்கும். பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து முதுகில் தேய்த்துக் காட்டினோம். நீலம் வந்தது. கொஞ்ச நேரத்தில் போனது.

பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தில் மகனுக்குக் கண் விரிந்தது. அப்பா இஎம்ஐ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கேட்டார்: "கொடைக்கானல் போனா மாறுமா தம்பி?"

"மாறும்க்கா."

"நாங்க போனா எப்படியும் பின்னாடி கவர் போட்டுத்தானே எடுத்துட்டுப் போவோம்?"

அந்த போனையேதான் வாங்கினார்கள். கூடவே முரட்டுக் கறுப்பு பவுச் ஒன்று, எண்ணெய்க் கை பட்டாலும் தெரியாத ரகம். நூற்றைம்பது சொன்னேன். நூற்றிருபதுக்குக் கொடுத்தேன்.