மொன்றியல் நிலநடுக்கம், 1732: எழுத்துச் சான்றும் புவி இயற்பியலும்

முன்னுரை

மண்ணின் மேலே நிகழ்ந்தவற்றைக் கல்வெட்டு, ஏடு, செப்பேடு ஆகியவற்றால் அறிகின்றோம். மண்ணின் அடியில் உள்ளதை எவரும் கண்டதில்லை. புவியின் நடுப்புள்ளி நம் காலடியிலிருந்து ஏறத்தாழ 6,370 கிலோமீற்றர் ஆழத்தில் உள்ளது. மனிதன் இட்ட மிக ஆழமான துளையோ 12 கிலோமீற்றரைச் சற்றே தாண்டுகிறது. எஞ்சிய ஆழத்தை அறிய உதவும் துறை, தமிழகத்தில் புவி இயற்பியல் என்றும் ஈழத்தில் புவிப்பௌதிகவியல் என்றும் வழங்கப்படுகிறது. அத்துறையின் முதன்மைச் சான்று நிலநடுக்கமே.

எனினும், நிலநடுக்கங்களைக் கருவிகள் பதிவு செய்யத் தொடங்கி ஒன்றேகால் நூற்றாண்டே ஆகின்றது. மொன்றியல் போன்ற இடங்களில் பெரிய நடுக்கம் பல நூற்றாண்டுகளுக்கு ஒருமுறையே நிகழக்கூடும். ஆகவே கருவியின் நினைவு போதாத இடத்தில் எழுத்தின் நினைவு வேண்டப்படுகிறது. 1732ஆம் ஆண்டு மொன்றியல் நிலநடுக்கத்தைச் சான்றாகக் கொண்டு, வரலாற்றாய்வும் புவி இயற்பியலும் ஒன்றையொன்று எவ்வாறு திருத்திக்கொள்கின்றன என்பதைக் காட்டுவதும், அதிலிருந்து தமிழாய்வு பெறத்தக்க பணி யாது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1732: நிகழ்வும் ஆவணங்களும்

1642இல் நிறுவப்பட்ட மொன்றியல், 1732இல் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட, சில ஆயிரம் மக்களே வாழ்ந்த சிறு மதில் நகரம். அவ்வாண்டு செப்டெம்பர் 16 அன்று பகற்பொழுதில் நிலம் நடுங்கியது. புகைபோக்கிகள் சரிந்தன, சுவர்கள் வெடித்தன. சேதமுற்ற வீடுகள் 300 என்பது பிற்கால நூல்களில் பெரிதும் எடுத்தாளப்படும் தொகை. ஒரு சிறுமி இறந்ததாகவும் ஒரு செய்தி உண்டு. பின்வந்த ஆய்வாளர் அதனை ஐயத்துக்குரியதாகக் கொண்டனர்.

இச்சேதத்தின் பின்னணியில் முந்தைய ஓர் இடர் உள்ளது. 1721 யூன் மாதத்தில் பெருந்தீ மொன்றியல் நகரின் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின், நகருக்குள் மரவீடு கட்டலாகாது, கல்லாலேயே கட்டவேண்டும் என்னும் ஆணைகள் பிறந்தன. தீக்குக் கல் நல்ல காப்பு. ஆனால் நிலநடுக்கத்தின்போது மரச்சட்டம் வளைந்து கொடுக்கும். சுண்ணச் சாந்தில் அடுக்கிய கற்சுவர் வளையாது, பிளக்கும். எனவே சேதக் கணக்கை நடுக்கத்தின் வலிமைக்கு நேரான அளவாகக் கொள்ளல் தவறு. அது வலிமையையும் கட்டட மரபையும் ஒருங்கே காட்டும் கணக்கு. இரண்டையும் பிரித்தறிய நகரின் கட்டட வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

காலக்கணிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. மொன்றியலில் வழங்கியது கிரகோரியன் நாட்காட்டி. தெற்கேயிருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களில் 1752 வரை யூலியன் நாட்காட்டியே வழங்கியது. இரண்டிற்கும் அக்காலத்தில் 11 நாள் வேறுபாடு. ஆகையால் போஸ்ரன் முதலிய ஊர்களின் குறிப்புகளில் இதே நடுக்கம் செப்டெம்பர் 5 எனப் பதிவாயிற்று. நாட்காட்டி வேறுபாட்டை நோக்காமல் பட்டியல் தொகுப்பவர், ஒரே நடுக்கத்தை இரண்டாகக் கணக்கிட நேரும். நடுக்கங்களின் எண்ணிக்கை மாறினால் அவை திரும்ப வரும் கால இடைவெளி பற்றிய மதிப்பீடும் மாறும். அதனை அடியொற்றி வகுக்கப்படும் கட்டட விதியும் பிழைபடும். கல்வெட்டின் ஆட்சியாண்டையும் சக ஆண்டையும் ஒப்பிட்டுப் பழகிய தமிழாய்வாளர்க்கு இத்தகைய சிக்கல் புதியதன்று.

1663: சமயப் பார்வையும் சான்றின் மதிப்பும்

இதற்கு முந்தைய பெருநடுக்கம் 1663 பெப்ரவரி 5 அன்று, கியூபெக் நகருக்கு வடகிழக்கே சார்ளவோய் பகுதியில் நிகழ்ந்தது. அதன் பரிமாணம் 7 அல்லது அதற்கு மேல் என மதிப்பிடப்படுகிறது. இயேசு சபையாரின் ஆண்டறிக்கையும், கியூபெக்கில் வாழ்ந்த மரீ த லன்கார்னாசியோன் என்னும் துறவியின் மடல்களும் அதனை விரிவாக விவரிக்கின்றன. தொல்குடிகளுக்குச் சாராயம் விற்ற வணிகரின் குற்றத்திற்கு இறைவன் தந்த எச்சரிக்கையாக நடுக்கத்தைக் காண்பது அவ்வறிக்கையின் நோக்கு.

இந்நோக்கைக் காரணம் காட்டி ஆவணத்தையே ஒதுக்குவதும் முறையன்று. சொற்சொல்லாக ஏற்பதும் முறையன்று. மலை பெயர்ந்தது, ஆற்றுநீர் பல நாள் கலங்கியிருந்தது என்னும் செய்திகளில் சமயப்பொருள் ஏற்றப்பட்டிருப்பினும், அவை பெரும் நிலச்சரிவுகளைக் குறிக்கின்றன. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலச்சரிவின் தடங்களைப் புவியியலாளர் பின்னர் ஆராய்ந்துள்ளனர். எழுதியவர் நிகழ்வுக்குக் கற்பித்த காரணம் வேறு; அவர் கண்ட விளைவு வேறு. இவ்விரண்டையும் பகுத்தலே சான்றாய்வின் முதற்படி.

கருவிகளின் வருகை

மக்கில் பல்கலைக்கழகத்தின் முதல்வராக 1855 முதல் 1893 வரை விளங்கிய புவியியலாளர் வில்லியம் டோசன், 1860 ஒக்டோபரில் கீழைக் கனடாவில் உணரப்பட்ட நடுக்கத்தைப் பற்றி மொன்றியலிலிருந்து எழுதினார். அவரிடம் இருந்தவை மக்களின் வாய்மொழியும் செய்திக் குறிப்புகளுமே. அக்காலத்தில் நிலநடுக்கவியல் பெரும்பாலும் ஆவணத் தொகுப்புக் கலையாகவே இருந்தது. இந்தியாவிலும் இதுவே நிலை. தோமஸ் ஓல்டாம் தொகுத்த இந்திய நிலநடுக்கப் பட்டியலை அவர் மகன் ரிச்சட் டிக்சன் ஓல்டாம் 1883இல் வெளியிட்டார்.

நிலைமையை மாற்றியவர் யோன் மில்ன். அவர் அமைத்த நிலநடுக்கமானி 1897இல் ரொறன்ரோவிலும், 1899இல் கொடைக்கானலிலும் நிறுவப்பட்டது. கனடாவின் ஏரிக்கரை நகரும் தமிழகத்தின் பழனிமலை உச்சியும் ஒரே வகைக் கருவியால் ஒரே ஆய்வு வலையமைப்பில் இணைந்தன. இரு நிலையங்களின் அளவீடுகளும் இங்கிலாந்தின் வைற் தீவில் இருந்த மில்னின் நிலையத்துக்கு அனுப்பப்பட்டன.

ஒரு நடுக்கத்திலிருந்து இருவகை அலைகள் புவியினுள் செல்கின்றன. முதலாவது, பாறையை நெருக்கியும் விரித்தும் செல்லும் முதன்மை அலை. இரண்டாவது, பாறையைக் குறுக்காக அசைத்துச் செல்லும் துணை அலை. கருங்கற் பாறையில் முன்னது நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றரும் பின்னது 3.5 கிலோமீற்றரும் செல்லும். இரண்டும் வந்து சேரும் நேர வேறுபாட்டால் நடுக்கத்தின் தொலைவு புலப்படும். மூன்று நிலையங்களின் தொலைவுகள் கிடைப்பின் இடம் புலப்படும். துணை அலை திரவத்தில் செல்லாது என்பது மற்றொரு பேருண்மைக்கு வழிவகுத்தது.

1897 யூன் 12 அன்று நிகழ்ந்த அசாம் பெருநடுக்கத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் சார்பில் ஆராய்ந்த ஓல்டாம், தொலைவுப் பதிவுகளில் இவ்வலைகளை வேறுபடுத்திக் காட்டினார். 1906இல் புவிக்கு ஒரு கருவம் உண்டு என்பதை அலைகளின் தாமதத்தைக் கொண்டு நிறுவினார். 1909இல் மொகொரோவிச்சிக் புவி ஓட்டின் அடி எல்லையைக் கண்டார். கருவத்தின் மேல் எல்லை ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் உள்ளதெனக் குட்டன்பேர்க் கணித்தார். 1926இல் ஜெப்ரீஸ் அக்கருவம் திரவநிலையினது எனக் காட்டினார். 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன் அதனுள் மற்றொரு உட்கருவம் உண்டெனக் கண்டார். எவரும் காணாத ஆழம் இவ்வாறு முப்பது ஆண்டுகளில் அறிவின் எல்லைக்குள் வந்தது.

கருவி பழைய ஏட்டைப் படித்தல்

கருவிக்கு முந்தைய நடுக்கத்திற்கு அலைப்பதிவு இல்லை. எனினும் கருவிக்காலத்து நடுக்கங்களை உரைகல்லாகக் கொண்டு பழையதை மதிப்பிடலாம். ஓரிடத்தில் மக்கள் உணர்ந்ததும் கட்டடங்கள் அடைந்ததும் பன்னிரு படிகள் கொண்ட செறிவளவில் குறிக்கப்படும். ஒவ்வொரு படியும் எத்துணைப் பரப்பில் உணரப்பட்டது என்பதை வரைபடத்தில் இட்டு, பரிமாணம் அளக்கப்பட்ட பிற்கால நடுக்கங்களோடு ஒப்பிடுவர்.

1944 செப்டெம்பரில் மொன்றியலுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தென்மேற்கே, கனடா - அமெரிக்க எல்லையில் நிகழ்ந்த நடுக்கத்தில் கோர்ன்வோல் நகரில் ஏறத்தாழ 2,000 புகைபோக்கிகள் சேதமுற்றன. அலைப்பதிவும் சேதக்கணக்கும் ஒருங்கே கிடைத்த இத்தகைய நடுக்கங்களோடு வைத்து நோக்கியே, 1732ஆம் ஆண்டு நடுக்கத்தின் பரிமாணம் ஏறத்தாழ 5.8 என மதிப்பிடப்பட்டது. காபிரியேல் லெப்லான் 1981இல் வெளியிட்ட மறுஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பழைய பட்டியல்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தெழுதிய செய்திகளை விடுத்து, மூல ஆவணங்களுக்கே அவர் திரும்பினார்.

1988 நவம்பர் 25 அன்று சகனே பகுதியில் நிகழ்ந்த 5.9 பரிமாண நடுக்கம் வேறொரு பாடம் தந்தது. மையத்திலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தொலைவில் இருந்த மொன்றியல் கிழக்கு நகர மண்டபத்தின் வெளிச்சுவர் சேதமுற்றது. இடைப்பட்ட பல ஊர்களில் பாறைமேல் நின்ற கட்டடங்கள் தப்பின. காரணம் மண்டபத்தின் கீழிருந்த மென்களிமண். பனியூழி முடிவில், ஏறத்தாழ 13,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன்வரை, சம்ப்ளேன் கடல் இச்சமவெளியை மூடியிருந்தது. அது விட்டுச்சென்ற களிமண் அலையைப் பெருக்கும். இக்களிமண்ணில் ஒட்டாவாப் பள்ளத்தாக்கில் நேர்ந்த பாரிய சரிவுகளை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 4,550, 7,060 ஆண்டுகளுக்கு முன் பெருநடுக்கங்கள் நிகழ்ந்திருக்கலாம் என 2000ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். எழுத்து எட்டாத காலத்துக்கு மண்ணே ஏடாகின்றது.

தட்டெல்லையிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள மொன்றியலில் நிலம் நடுங்குவானேன்? ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பழங்கடல் திறந்தபோது உண்டான பிளவுகள் செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கின் அடியில் இன்றும் வலுக்குன்றிய தழும்புகளாய் உள்ளன. தட்டின் உள்ளழுத்தம் அவற்றை மீண்டும் அசைக்கின்றது. பனிப்பாறைச் சுமை நீங்கிய நிலம் இன்றும் மெல்ல எழுவதும் துணைக்காரணமாகக் கருதப்படுகிறது. பழைமையும் குளிர்ச்சியும் வாய்ந்த இவ்வோட்டில் அலை எளிதில் தேயாது. ஆகவே சிறு நடுக்கமும் நெடுந்தொலைவு உணரப்படும்.

இந்நூற்றாண்டில் மக்கில் ஆய்வாளர் நகரின் பல இடங்களில் நிலத்தின் இயல்பான நுண்ணதிர்வை அளந்து, எம்மண் எவ்வளவு அலையைப் பெருக்கும் எனப் பகுத்துள்ளனர். இது வெறும் அறிவுப்பயன் அன்று. விதிகளுக்கு முந்திய கல், செங்கல் வீடுகள் இந்நகரில் இன்றும் மிகுதி. 1980கள் முதல் குடியேறிய ஈழத்தமிழர் உள்ளிட்ட பல இனத்தாரும் அவற்றில் வாழ்கின்றனர்.

தமிழ் நிலமும் தமிழாய்வும்

தென்னிந்தியாவின் பெரும்பகுதியும் இலங்கையின் பெரும்பகுதியும் கனடாவின் கேடயப் பாறையைப் போலவே தொன்மையானவை. நெடுங்காலம் அசைவற்றவை எனக் கருதப்பட்டவை. 1900 பெப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 பரிமாண நடுக்கம் நிகழ்ந்தது. 1993 செப்டெம்பர் 30 அன்று தக்காணத்தின் லாத்தூரில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். அவர்களின் வீடுகள் பெரும்பாலும் கல்லும் மண்ணும் அடுக்கியவை. 2001 செப்டெம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் நிகழ்ந்த 5.5 பரிமாண நடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. 2002இல் திருத்தப்பட்ட இந்திய நிலநடுக்க விதிகள் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தின.

இத்தகைய நிலத்தில் 1900க்கு முன் என்ன நிகழ்ந்தது என்பதைக் கருவி சொல்லாது. கோயில் திருப்பணிக் கல்வெட்டுகள், ஓலைக் கணக்குகள், குடும்பக் குறிப்பேடுகள், சமயப் பணியாளர் மடல்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் இதழ்கள் ஆகியவற்றைத் தேடியே அறியவேண்டும். மொன்றியலில் கற்ற நெறிகள் இங்கும் பொருந்தும். கோயில் மண்டபம் இடிந்தது என்னும் கல்வெட்டு நடுக்கத்தைக் குறிக்கலாம். வெள்ளத்தை, போரை, முதுமையையும் குறிக்கலாம். ஒரே ஆண்டில் பல ஊர்களில் அத்தகைய செய்தி கிடைத்தாலன்றி முடிவு கூறலாகாது. கடல்கோள் மரபையும் நேரே பேரலைச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. மாமல்லபுரக் கடற்கரையில் பழைய கடற்பெருக்குகளின் படிவுகளை ஆய்வாளர் 2006இல் வெளியிட்டனர். அத்தகைய படிவின் காலமும் உரைமரபின் காலமும் தனித்தனியே நிறுவப்பட்ட பின்னரே அவற்றை ஒப்பிடல் தகும்.

முடிவுரை

1732ஆம் ஆண்டின் சில தாள்கள் இன்றி மொன்றியலின் இடர்மதிப்பீடு முழுமை பெறாது. அத்தாள்களைத் திருத்தமாகப் படிக்கக் கருவிக்காலத்து ஒப்பீடு வேண்டியிருந்தது. அவ்வொப்பீடு பிழைபடாதிருக்க நாட்காட்டியும் கட்டட வரலாறும் வேண்டியிருந்தன. 2004 திசெம்பர் 26 அன்று தமிழகக் கரையும் ஈழத்தின் கிழக்கு, வடக்குக் கரைகளும் பேரலைக்குப் பலியானபோது, அக்கரைகளின் பழைய கடற்பெருக்குகளைத் தொகுத்த தமிழ்ப் பட்டியல் ஒன்று மக்கள் கையில் இல்லை. தமிழ் ஆவணங்களிலுள்ள நடுக்க, கடற்பெருக்குச் செய்திகளை மூலம், காலம், இடம், சொல்வழக்கு ஆகிய நான்கும் குறித்துத் தொகுக்கும் பட்டியல் ஒன்றைத் தமிழறிஞரும் புவி இயற்பியலாரும் கூடி ஆக்குதல் வேண்டும். பூகம்பம், பூமியதிர்ச்சி, நிலநடுக்கம், புவிநடுக்கம் எனக் காலந்தோறும் இடந்தோறும் மாறி வழங்கும் சொற்களை அறியாதவர் அப்பட்டியலை ஆக்க இயலாது. ஆகவே அப்பணியின் தொடக்கம் தமிழாய்வின் கையில் உள்ளது.