கட்சிக்குள் எழுந்த குரல்: லிண்டன் ஜான்சனும் வியட்நாம் போரும்

தேர்தலில் தோற்ற தலைவர்கள் உலக வரலாற்றில் எண்ணற்றோர். எதிர்க்கட்சியினர் ஆளுங்கட்சியை வீழ்த்துவதும் மக்களாட்சியில் இயல்பே. ஆனால், நூற்றுக்கு 61 பேரின் வாக்குகளைப் பெற்று வென்ற ஒரு தலைவர், நான்கு ஆண்டுகள் முடிவதற்குள் தம் சொந்தக் கட்சியினரின் மனக்கசப்பால் தாமே ஒதுங்கிக்கொண்டது அரிய நிகழ்ச்சியாகும். 1963 முதல் 1969 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய லிண்டன் ஜான்சனின் கதை அதுவே. அவரை வீழ்த்தியது வியட்நாம் போர் என்பர். அது உண்மையே. எனினும், அப்போரைக் குறித்துக் கட்சிக்குள் எழுந்த குரல்கள் என்னவாயின என்பதையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவ்வுண்மை முழுமை பெறாது.

வெற்றியின் உச்சியில்

ஜான்சன் சிறியவர் அல்லர். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வழங்கிய 1964ஆம் ஆண்டுச் சட்டமும், அவர்தம் வாக்குரிமையைக் காத்த 1965ஆம் ஆண்டுச் சட்டமும், முதியோர்க்கு மருத்துவ உதவி அளித்த திட்டமும் அவர் காலத்துச் சாதனைகள். ஏழ்மையை ஒழிக்கப் புறப்பட்ட அவரே போரையும் வளர்த்தார் என்பதுதான் இவ்வரலாற்றின் அவலம்.

1964 ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தாக்குதல் இரண்டு முறை நிகழ்ந்ததாக அரசு அறிவித்தது. இரண்டாவது தாக்குதல் நிகழவேயில்லை என்பது பின்னாளில் வெளிப்பட்டது. அன்றோ, படைகளைப் பயன்படுத்தத் தலைவருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416 வாக்குகளுடன் எதிர்ப்பின்றி நிறைவேறியது. செனட் சபையில் 88 பேர் ஆதரித்தனர். இருவர் மட்டுமே எதிர்த்தனர். அவ்விருவர் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குருயெனிங் ஆகியோர். இருவரும் ஜான்சனின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர்களே. இருவரும் 1968இல் தம் பதவிகளை இழந்தனர்.

1965 மார்ச்சில் 3,500 மரைன் படை வீரர்கள் தா நாங் நகரில் இறங்கினர். அவ்வாண்டு முடிவில் படைபலம் 1,80,000ஐத் தாண்டியது. 1968இல் அது 5,00,000க்கும் மேற்பட்டது.

கோப்பில் உறங்கிய குறிப்பு

போர் பெருகுவதற்கு முன்னரே எச்சரித்தவர் ஒருவர் உண்டு. அவர் வெளியார் அல்லர். துணைக் குடியரசுத் தலைவர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. 1965 பிப்ரவரியில் அவர் ஜான்சனுக்கு ஒரு குறிப்பு எழுதினார். மாபெரும் வெற்றி பெற்றிருக்கும் இந்த ஆண்டிலேதான் அரசியல் இழப்பு மிகக் குறைவாக இப்பூசலிலிருந்து விலக இயலும். போர் வளருமானால் எதிர்ப்பு மாற்றாரிடமிருந்து மட்டும் வாராது, நம் கட்சியினரிடமிருந்தே எழும் என்பது அக்குறிப்பின் சாரம். மூன்றாண்டுகளுக்குப் பின் நடந்தது ஏறத்தாழ அப்படியே அதில் காணப்படுகிறது.

ஜான்சன் அதனை எப்படி ஏற்றார்? அறிவுரையைக் கேட்கவில்லை என்பது ஒருபுறம் இருக்க, அறிவுரை சொன்னவரையே வியட்நாம் குறித்த ஆலோசனைகளிலிருந்து ஓராண்டளவு ஒதுக்கி வைத்தார். கோப்புகளோடு வாழ்நாளைக் கழிப்போர் இதன் விளைவை எளிதில் உணர்வர். ஒரு குறிப்பை ஏற்கலாம், மறுக்கலாம். எழுதியவரையே தண்டித்தால், அடுத்து வரும் குறிப்பில் உண்மை இராது. ஹம்ஃப்ரியும் அதன்பின் மாறினார். நாடெங்கும் சென்று போரை ஆதரித்துப் பேசலானார்.

இதில் வியப்புக்குரியது யாதெனின், ஜான்சனுக்கே ஐயம் இருந்தது. 1964 மே மாதத்தில் தம் நண்பர் செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலுடன் அவர் தொலைபேசியில் உரையாடிய ஒலிப்பதிவு பல ஆண்டுகளுக்குப் பின் வெளியாயிற்று. இப்போரில் நன்மை உண்டா என்ற தவிப்பு அதில் தெளிவாகக் கேட்கிறது. தாமே ஐயுற்ற ஒன்றைப் பிறர் ஐயுற்றபோது, அதனைத் துரோகமாக அவர் கருதினார்.

நண்பர்கள் பகைவரானபோது

செனட் சபையின் வெளியுறவுக் குழுத் தலைவர் வில்லியம் ஃபுல்பிரைட், டோங்கின் தீர்மானத்தை அவையில் முன்னின்று நிறைவேற்றித் தந்தவர். அவரே மனம் மாறி, 1966 பிப்ரவரியில் போரைக் குறித்த பகிரங்க விசாரணையை நடத்தினார். தொலைக்காட்சி வழியே மக்கள் அதனைக் கண்டனர். போரை ஐயுறுவோர் தெருவில் முழக்கமிடும் இளைஞர் மட்டுமல்லர். ஆளுங்கட்சியின் மூத்தோரும் அவர்களுள் உளர் என்பது அன்று நாடறியத் தெரிந்தது. நெடுநாள் நட்பு முறிந்தது.

நட்பு நாடுகளின் சொல்லையும் ஜான்சன் பொறுக்கவில்லை. அதன் வெம்மை நம் நாட்டையும் தீண்டியது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் பருவமழை பொய்த்து, இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்த காலம். ரேஷன் கடை வரிசையில் நின்ற தலைமுறையினர் அதனை மறந்திருக்கமாட்டார்கள். 1966 ஜூலையில் பிரதமர் இந்திரா காந்தி மாஸ்கோவில் இருந்தபோது, வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துமாறு இந்தியா குரல் கொடுத்தது. ஜான்சன் சினந்தார். கோதுமைக் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து, தாமதித்தே அனுப்பினார். இந்தியா தன் வேளாண்மையைச் சீர்செய்ய வேண்டும் என்ற நோக்கமும் அதற்குக் காரணம் என்பது உண்மையே. ஆயினும் வியட்நாம் பற்றிய நம் பேச்சு அவரை உறுத்தியது என்பதும் ஐயமற்றது.

பனிக்காலத்துத் தேர்தல்

1967 நவம்பர் 30ஆம் நாள், மினசோட்டா மாநிலச் செனட்டர் யூஜின் மெக்கார்த்தி, தம் கட்சித் தலைவரையே எதிர்த்து வேட்பாளர் தேர்வில் நிற்பதாக அறிவித்தார். பலர் நகைத்தனர். பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவரை அவர் கட்சிக்காரர் அசைக்க இயலுமா என்று கேட்டனர். கல்லூரி மாணவர்கள் நீண்ட தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, பனி உறைந்த நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வீடு வீடாகச் சென்று அவருக்காக வாக்குக் கேட்டனர்.

1968 ஜனவரி இறுதியில், டெட் என்னும் வியட்நாமியப் புத்தாண்டு நாளில், தென் வியட்நாமின் நகரங்கள் பலவற்றின்மீது ஒருசேரத் தாக்குதல் நிகழ்ந்தது. களத்தில் தாக்கியோர்க்கே பேரிழப்பு. எனினும், வெற்றி அருகில் உள்ளது என்று அரசு கூறிவந்த சொல் அன்றே பொய்த்தது. மேலும் 2,06,000 வீரர்களைப் படைத்தலைமை கேட்டுள்ளது என்ற செய்தி மார்ச் 10ஆம் நாள் பத்திரிகையில் கசிந்தது.

மார்ச் 12ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த முன்தேர்தலில் ஜான்சனுக்கு ஏறத்தாழ 49 விழுக்காடு. மெக்கார்த்திக்கு 42 விழுக்காடு. எண்ணிக்கையில் வென்றவர் ஜான்சனே. ஆனால் தோற்றவராகக் கருதப்பட்டவரும் அவரே. மெக்கார்த்திக்கு வாக்களித்தோர் அனைவரும் அமைதி விரும்பியோர் அல்லர். போரை இன்னும் கடுமையாக நடத்தவில்லையே என்று வெகுண்டவர்களும் அவருள் பலர் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அதிருப்தி ஒருமுகப்பட்டதன்று. ஆயினும் அது தலைவரை நோக்கியே திரண்டது.

நான்கு நாட்களில் ராபர்ட் கென்னடியும் களத்தில் இறங்கினார். மார்ச் 31ஆம் நாள் இரவு, ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, குண்டுவீச்சின் பெரும்பகுதியை நிறுத்துவதாகக் கூறினார். உரையின் முடிவில், கட்சியின் வேட்பாளராக மீண்டும் நிற்பதில்லை என்றும் அறிவித்தார். நாடு திகைத்தது.

சிகாகோவின் கசப்பு

தலைவர் விலகியதால் பிளவு ஆறவில்லை. ஜூன் 5ஆம் நாள் சுடப்பட்ட கென்னடி மறுநாள் மறைந்தார். ஆகஸ்டில் சிகாகோ நகரில் கூடிய கட்சி மாநாட்டில், குண்டுவீச்சை முற்றாக நிறுத்தக் கோரிய அமைதித் தீர்மானம் ஏறத்தாழ 1,568க்கு 1,041 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. ஐந்தில் இரு பங்கினர் தம் தலைமையின் போர்க் கொள்கையை மறுத்தனர் என்பதே அதன் பொருள். வெளியே தெருக்களில் காவலர் தடியடி நடத்தினர். ஒரு முன்தேர்தலிலும் போட்டியிடாத ஹம்ஃப்ரி வேட்பாளரானார்.

மூன்றாண்டுகளுக்கு முன் உண்மையைக் குறிப்பில் எழுதிய அதே ஹம்ஃப்ரி, அன்று அப்போரின் சுமைதாங்கியாக நின்றார். கூட்டந்தோறும் எதிர்ப்பு முழக்கம் எழுந்தது. செப்டம்பர் 30ஆம் நாள்தான், அமைதிக்காகக் குண்டுவீச்சை நிறுத்துவேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் ஆதரவு விரைந்து பெருகிற்று. எனினும் காலம் கடந்திருந்தது. ஏழு கோடிக்கு மேற்பட்ட வாக்குகளில் 5 லட்சத்துக்குச் சற்று மேலான வேறுபாட்டில் ரிச்சர்ட் நிக்சன் வென்றார். போர் மேலும் ஆண்டுகள் பல நீண்டது. மாண்ட 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களுள் ஏறத்தாழ 21,000 பேர் 1969 தொடங்கி இறந்தவர்கள். வியட்நாமிய மக்களின் இழப்போ பல லட்சங்கள்.

நாம் கொள்ளத்தக்கது

எதிர்த்தோர் எல்லாரும் வென்றனர் என்று கூறுதற்கில்லை. 1972இல் போரெதிர்ப்பாளரான ஜார்ஜ் மெக்கவர்னையே கட்சி நிறுத்தியது. ஐம்பது மாநிலங்களுள் நாற்பத்தொன்பதில் அவர் தோற்றார். ஆகவே, தலைவரை எதிர்த்தால் கட்சி வாழும் என்பது இதன் பாடமன்று.

பாடம் வேறு. ஆள்வோர்க்கு இடித்துரைக்கும் துணை வேண்டும் என்பது வள்ளுவப் பெருந்தகையின் நெறி. ஜான்சனுக்கு அத்தகைய துணை இல்லாமற் போகவில்லை. துணைத் தலைவர் இருந்தார். செனட்டின் மூத்தோர் இருந்தனர். நெருங்கிய நண்பர்கள் இருந்தனர். சொல்வார் இருந்தும் கேட்பார் இல்லாமையே அங்கு நிகழ்ந்த கேடு. கேளாத தலைமையின் முன் சொல்வாரும் நாளடைவில் வாய் மூடுவர். அந்த மௌனத்தை விசுவாசம் என்று இரு தரப்பும் பெயரிட்டுக்கொள்ளும். 1965இல் ஓர் அறைக்குள் தணிந்த குரலில் எழுந்த ஐயத்தைக் கேட்டிருந்தால், 1968இல் அது தெருவில் முழக்கமாய் எழுந்திருக்க வேண்டியதில்லை.

கட்சியாயினும், சங்கமாயினும், குடும்பமாயினும், மாறுபட்ட சொல்லைச் சொன்னவரை மறுநாளும் அதே இருக்கையில் அமர்த்திக் கேட்பதே தலைமையின் வலிமை. ஜான்சன் ஆற்றிய அரும்பணிகள் பல இன்றும் அந்நாட்டில் பயன் தருகின்றன. ஆயினும் அவர் பெயரைச் சொல்லும்போது உலகம் முதலில் நினைப்பது வியட்நாமையே. அருகிலிருந்தோர் சொன்ன ஒரு சொல்லை ஏற்காததற்கு அவர் கொடுத்த விலை அது.