திகில் படக்கதைகள்: தடையிலிருந்து 'லாக் அண்ட் கீ' வரை

'லாக் அண்ட் கீ' என்பது அமெரிக்க எழுத்தாளர் ஜோ ஹில் எழுதி, சிலி நாட்டு ஓவியர் கேப்ரியல் ரொட்ரிகஸ் வரைந்த திகில் சித்திர நாவல். ஐடிடபிள்யூ பதிப்பகம் இதனை 2008 முதல் 2013 வரை முதலில் தனி இதழ்களாகவும் பின்னர் ஆறு பாகங்களாகவும் வெளியிட்டது. தந்தையைப் பறிகொடுத்த மூன்று பிள்ளைகள், அவர் தம் இளமையில் மறைத்து வைத்த ஓர் உண்மையை எதிர்கொள்வதே இதன் கதை.

இன்று இந்நூலைப் பலரும் மதிப்புடன் பேசுகிறார்கள். ஆனால் 1954ஆம் ஆண்டில் இப்படி ஒரு படக்கதை அமெரிக்காவின் பத்திரிகைக் கடைகளை எட்டியிருக்க முடியாது. குழந்தைகளைக் கெடுக்கிறது என்று ஒதுக்கப்பட்ட ஒரு வகை எழுத்து, குழந்தைகளின் துக்கத்தைப் பேசும் இடமாக எப்படி மாறியது என்பதை அறிந்தால்தான் இந்த நாவலின் இடம் நமக்கு விளங்கும்.

1950களின் திகில் இதழ்கள்

அமெரிக்கக் காமிக்ஸ் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் மேக்ஸ் கெய்ன்ஸ். விவிலியக் கதைகளைப் படக்கதைகளாக அச்சிட்டு, 'எஜுகேஷனல் காமிக்ஸ்' என்ற நிறுவனத்தை நடத்தி வந்தார். 1947இல் ஒரு படகு விபத்தில் அவர் இறந்தபின் நிறுவனம் மகன் வில்லியம் கெய்ன்ஸ் கைக்கு வந்தது. மகன் பாதையை மாற்றினார். 'எஜுகேஷனல்' என்பது 'என்டர்டெய்னிங்' ஆயிற்று, ஈ.சி. என்ற சுருக்கப் பெயர் மட்டும் அப்படியே நின்றது. 1950இல் 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்', 'தி வால்ட் ஆஃப் ஹாரர்', 'தி ஹாண்ட் ஆஃப் ஃபியர்' ஆகிய மூன்று திகில் இதழ்கள் பிறந்தன.

இந்தக் கதைகளில் பேய்களும் நடமாடும் பிணங்களும் உண்டு. ஆனால் பல கதைகளின் களம் சாதாரண வீடுதான். மனைவியைக் கொல்லும் கணவன், கணவனைக் கொல்லும் மனைவி, பிள்ளையைத் துன்புறுத்தும் பெற்றோர் ஆகியோரே அவற்றில் வருவார்கள். வெளியே ஒழுங்காகத் தெரியும் குடும்பத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதே அவற்றின் உண்மையான திகில்.

செனட் விசாரணை

1954இல் ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் இதழ்கள் சிறார் குற்றங்களைத் தூண்டுகின்றன என்று வாதிடும் 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்' என்ற நூலை வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் செனட் துணைக்குழு ஒன்று நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. வில்லியம் கெய்ன்ஸ் தாமாகவே முன்வந்து சாட்சியம் அளித்தார்.

வெட்டப்பட்ட பெண் தலையைக் கொலைகாரன் கையில் பிடித்திருக்கும் ஓர் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனைதானா என்று செனட்டர் எஸ்டஸ் கெஃபாவர் கேட்டார். திகில் இதழின் அட்டைக்கு அது ஏற்றதே என்று கெய்ன்ஸ் பதிலளித்தார். அந்த ஒரு பதிலே அவருடைய தொழிலுக்குப் பெருங்கேடாக முடிந்தது.

அந்த விசாரணையில் பேசப்பட்ட கதைகளுள் 'தி ஆர்ஃபன்' ஒன்று. அதில் வரும் லூசி என்ற சிறுமியின் தந்தை குடிகாரர். அவள் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் பழியைத் தாய் மீதும் தாயின் காதலன் மீதும் போட்டுவிடுகிறாள். விசாரித்தவர்கள் அதிர்ந்தது பேயைக் கண்டு மட்டுமல்ல என்பதை இக்கதை காட்டுகிறது. வீட்டுக்குள் ஒரு குழந்தை மகிழ்ச்சியின்றி வாழலாம் என்று சொன்னதும் அவர்களை உறுத்தியது.

நெறித்தொகுப்பு மூடிய கதவு

சட்டம் வருமுன் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொள்ளப் பதிப்பாளர்கள் முடிவு செய்தனர். 1954 அக்டோபரில் காமிக்ஸ் நெறித்தொகுப்பு வந்தது. இதழின் தலைப்பில் 'திகில்', 'பயங்கரம்' எனப் பொருள்படும் சொற்கள் கூடாது. இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் ஆகியவை வரக்கூடாது. ஒப்புதல் முத்திரை இல்லாத இதழ்களைக் கடைகளுக்கு எடுத்துச் செல்ல விநியோகஸ்தர்கள் தயங்கினர். ஈ.சி.யின் திகில் இதழ்கள் நின்றுபோயின.

இந்த விதிகளில் பேய்களுக்கான தடையையே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் மீதான மரியாதையைக் கதைகள் வளர்க்க வேண்டும் என்றும் அதே தொகுப்பு சொன்னது. காவலர், நீதிபதி போன்றோரின் அதிகாரத்தை மதிப்பிழக்கச் செய்யும்படி எழுதக்கூடாது என்றும் விதித்தது. கேட்க நல்ல விதிகளே. ஆனால் தந்தை தவறு செய்திருந்தால் அதைச் சொல்வதற்கு ஒரு கதைக்கு இடம் இல்லாமல் போயிற்று. பேயோடு சேர்த்துக் குடும்ப ரகசியமும் படக்கதையிலிருந்து வெளியேற்றப்பட்டது.

வெர்தமைக் கெட்ட மனிதராகக் கருதிவிடக் கூடாது. அவர் 1946இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களுக்காக மிகக் குறைந்த கட்டணத்தில் ஒரு மனநல மருத்துவமனையைத் தொடங்கியவர். பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்த வழக்கிலும் சாட்சியம் அளித்தவர். குழந்தைகள் மீது அவருக்கு இருந்த அக்கறை உண்மையானது. ஆயினும், அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த நூலகவியல் அறிஞர் கேரல் டில்லி, நூலில் உள்ள சான்றுகள் பல திரிக்கப்பட்டும் மிகைப்படுத்தப்பட்டும் இருந்தன என்று 2012இல் எடுத்துக் காட்டினார். ஒரு சிறுவனின் துன்பத்துக்கு வீட்டில் இருந்த காரணங்கள் சில இடங்களில் விடுபட்டு, காமிக்ஸ் மட்டும் எஞ்சியிருந்தது.

தடை தளர்ந்த விதம்

1964இல் 'கிரீப்பி' இதழ், தன்னைக் காமிக்ஸ் என்று சொல்லாமல் பெரிய அளவுப் பத்திரிகையாக வந்து நெறித்தொகுப்பைத் தாண்டியது. 1971இல் விதிகள் திருத்தப்பட்டு, பழைய இலக்கிய மரபில் எழுதப்பட்டால் காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் வரலாம் என்றாயிற்று. 1984இல் ஆலன் மூர் எழுதிய 'ஸ்வாம்ப் திங்' தொடரை டி.சி. நிறுவனம் முத்திரை இல்லாமலேயே வெளியிடத் தொடங்கியது.

திகிலுக்கு வெளியேயும் மாற்றம் நடந்தது. ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்', நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட தந்தையையும் தற்கொலை செய்துகொண்ட தாயையும் பற்றியது. தாயின் நாட்குறிப்புகளைத் தந்தை எரித்துவிட்டார் என்று மகன் அறியும் இடம் அதில் முக்கியமானது. 1992இல் அந்நூலுக்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. 2006இல் வந்த அலிசன் பெக்டெலின் 'ஃபன் ஹோம்', தந்தையின் மரணத்தையும் அவர் மறைத்த வாழ்க்கையையும் மகள் ஆராயும் நூல். குடும்பம் மறைத்ததைப் படங்களால் சொல்ல முடியும் என்பதை இவை நிறுவின.

குப்பையில் விழுந்த இதழ்

1982இல் வெளியான 'கிரீப்ஷோ' திரைப்படம், ஈ.சி. இதழ்களுக்குச் செலுத்தப்பட்ட அஞ்சலி. எழுதியவர் புகழ்பெற்ற திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங். இயக்கியவர் ஜார்ஜ் ரொமேரோ. படத்தின் தொடக்கத்தில் பில்லி என்ற சிறுவனின் கையிலிருந்த திகில் இதழைத் தந்தை பிடுங்கிக் குப்பையில் எறிகிறார். அந்தச் சிறுவனாக நடித்தவர் ஸ்டீபன் கிங்கின் மகன் ஜோசப். பிற்காலத்தில் 'லாக் அண்ட் கீ'யை எழுதிய ஜோ ஹில் அவர்தான்.

தந்தையின் புகழால் தம் எழுத்து விலைபோகக் கூடாது என்று அவர் கிங் என்ற பெயரை விட்டுவிட்டுப் புனைபெயரில் எழுதினார். அவர் யார் மகன் என்பது 2007இல்தான் எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்தது.

சாவி மாளிகை

நாவலின் தந்தை ரெண்டல் லாக், பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை கூறுபவர். அவரிடம் ஆலோசனை பெற்ற மாணவன் ஒருவனே அவரைக் கொல்கிறான். மனைவி நீனாவும் டைலர், கின்ஸி, போட் என்ற மூன்று பிள்ளைகளும் மாசசூசெட்ஸில் உள்ள பூர்வீக வீடான 'கீஹவுஸ்' மாளிகைக்குக் குடிபெயர்கிறார்கள். அங்கே மாயச் சாவிகள் கிடைக்கின்றன. ஒன்று உடலிலிருந்து உயிரைப் பிரித்து ஆவியாக உலவச் செய்யும். மற்றொன்று மண்டையைத் திறந்து நினைவுகளை வெளியே எடுக்கும். ரொட்ரிகஸ் கட்டடக்கலை படித்தவர் என்பதால், வாசகர் வழி தெரிந்து நடக்கக்கூடிய உண்மையான வீடாக அந்த மாளிகை தோன்றுகிறது.

ஒவ்வொரு சாவியும் துக்கத்தின் ஒரு நிலையைக் காட்டுகிறது. கின்ஸி தன் அச்சத்தையும் அழுகையையும் தலையிலிருந்து எடுத்துப் புட்டியில் அடைக்கிறாள். வலி போய்விடுகிறது, ஆனால் ஆபத்தை உணரும் அறிவும் போய்விடுகிறது. குடிக்கு அடிமையான நீனா, உடைந்ததை ஒட்டவைக்கும் மாய அலமாரியில் கணவரின் அஸ்தியை வைத்துப் பார்க்கிறாள். உடைந்த பாத்திரம் சேர்கிறது, இறந்தவர் எழுந்து வரவில்லை. கோபத்தில் தந்தையைப் பற்றி முன்பு தான் சொன்ன ஒரு சொல்லை எண்ணி, கொலைக்குத் தானே காரணமோ என்று டைலர் உள்ளுக்குள் வதைபடுகிறான். பள்ளியில் பணியாற்றியவர்கள் இத்தகைய பிள்ளைகளைக் கண்டிருப்போம். வீட்டில் சாவு நடந்த சில வாரங்களில் ஒருவன் முரடனாவான், ஒருத்தி பேசாமல் போவாள்.

மறைத்ததன் விலை

1988இல் ரெண்டலும் நண்பர்களும் திறக்கக் கூடாத கறுப்புக் கதவைத் திறந்தார்கள். நண்பன் ஒருவனுக்குள் தீய சக்தி புகுந்தது. உயிர்கள் போயின. பிழைத்தவர்கள் நடந்ததை ஊருக்குச் சொல்லவில்லை. ரெண்டல் கலிபோர்னியாவுக்குச் சென்று மனைவி மக்களிடமும் வாய் திறவாமல் வாழ்ந்தார். அவர் அன்பில்லாத தந்தை அல்லர். பிள்ளைகளைக் காக்கவே மறைத்தார். ஆனால் பகைவன் யார் என்றே தெரியாமல் அவர்கள் நின்றதற்கு அந்த மௌனமே காரணம். பெரியவர்கள் ஆனதும் மாயத்தை மறந்துவிடுவார்கள் என்ற விதியும் கதையில் உண்டு. அதனால் கண்ணெதிரே நடப்பதைத் தாயிடம் சொன்னாலும் அது அவள் மனத்தில் தங்குவதில்லை.

2011இல் டி.சி., ஆர்ச்சி ஆகிய கடைசி இரண்டு பெரிய நிறுவனங்களும் முத்திரையைக் கைவிட, நெறித்தொகுப்பு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு இந்தத் தொடருக்காக ஜோ ஹில், சிறந்த எழுத்தாளருக்கான ஐஸ்னர் விருதைப் பெற்றார். 2020 முதல் 2022 வரை நெட்ஃபிளிக்ஸ் இதனை மூன்று பருவங்கள் கொண்ட தொடராக்கியது. மூல நூலில் கடும் வன்முறை உண்டு. சிறுவர்களிடம் கொடுப்பதற்குமுன் பெரியவர்கள் படித்துப் பார்ப்பது நல்லது.

1954இன் பெரியவர்களும் ரெண்டலைப் போலவே பிள்ளைகளைக் காக்க நினைத்தவர்கள்தாம். பயங்கரத்தைக் கண்ணில் படாமல் செய்தால் போதும் என்று இரு தரப்பாரும் நம்பினார்கள். பயங்கரம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது அதைப் பற்றிப் பேசாத மௌனம் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடுகிறது என்பதே லாக் குடும்பத்தின் கதை.