மரத்துக்கு மழைக்கோட்டு

மலாயாத் தோட்டங்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை இணையத்தில் தேடித்தேடிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பால் மரத்தின் முன் குனிந்து நிற்கும் பெண், தோளில் காண்டா வாளியோடு நடக்கும் ஆள், பெரட்டுக் களத்தில் வரிசை. எந்தப் படமானாலும் நான் முதலில் பார்ப்பது காலைத்தான். பெரும்பாலும் வெறுங்கால். அடுத்துப் பார்ப்பது வெளிச்சத்தை. படம் எடுத்தவர் சூரியன் நன்றாக ஏறிய பிறகுதான் காமிராவை வெளியே எடுத்திருக்கிறார். அந்தக் காலத்துப் பிலிமை வைத்துக்கொண்டு அவரும் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் அதனால் ஒன்று நடந்துவிட்டது. பால்வெட்டின் முக்கியமான நேரம், விடியலுக்கு முந்திய அந்த இரண்டு மணி நேரம், நான் பார்த்த படங்களில் இல்லை. குளிர் இல்லை, மழை இல்லை, அட்டை இல்லை. வெயிலும் நிழலுமாக ஒரு தோட்டம்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

இருட்டிலேயே ஏன் போக வேண்டும் என்பதற்குக் காரணம் மரத்திடம் இருக்கிறது. இரவில் இலைகள் நீரை வெளியேற்றுவது குறைந்து பட்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். அப்போது சீவினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், ஓட்டமும் குறையும். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் மெல்லிய பட்டையாகச் சீவும் முறையைச் சோதித்துப் பரப்பினார். அதிகாலைக்கும் பாலுக்கும் உள்ள உறவு அந்தத் தலைமுறைக்கே தெரிந்துவிட்டது. மரத்தின் நேரத்துக்கு மனிதர் எழும்பினார்கள்.

கெடாவில் குளிரா என்று கேட்பவர்கள் உண்டு. விடியற்காலையில் 23, 24 பாகை இருக்கும். எண்ணைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் முட்டிவரை பனியில் நனைந்த கைலியோடு, ஜெராய் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கும்போது நெரையில் நின்று பார்க்க வேண்டும். நான் படித்தது இயந்திரவியல், அதுவும் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில். வெப்பக் கடத்தல் பாடத்தில் வந்த ஒரு கணக்கு மட்டும் இதற்குப் போதும்: காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத்துணி உடம்போடு ஒட்டினால் 23 பாகையும் நடுங்க வைக்கும்.

கனடாவிலும் பின்லாந்திலும் உறைந்த ஏரியின்மேல் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களின் காணொளிகளை ஒரு காலத்தில் விடாமல் பார்த்தேன். அவர்கள் உடுத்துவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வேர்வையை வெளியே தள்ளும் உள்ளாடை, சூட்டைப் பிடித்து வைக்கும் நடு அடுக்கு, தண்ணீர் புகாத மேல் அடுக்கு. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பனிக்குள் விழுந்தால் மிதக்க வைக்கும் உடையும், கையால் குத்திப் பிடித்து ஏற இரண்டு ஆணிப் பிடிகளும் சிலரிடம் இருக்கும். பொழுதுபோக்குக்குப் போகிறவருக்கே இவ்வளவு.

பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் மரம் வெட்டிய என் அம்மாவிடமும் மூன்று அடுக்கு இருந்தது. மூன்றும் பருத்தி. உள்ளே ஒரு பழைய ரவிக்கை, அதன்மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, இன்னும் குளிரினால் அதற்குமேல் இன்னொன்று. இடுப்பில் கைலி, தலையில் துண்டு, துண்டின்மேல் தலைவிளக்கு, இடுப்பில் கட்டிய தகர டப்பாவில் புகையும் கொசுவத்தி. பால் பட்ட துணி காய்ந்தால் கறுத்துப்போகும், எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. அதனால் தோட்டத்தில் ஒரு சட்டைக்கு ஒரே வழிதான்: முதலில் தீபாவளிக்கு, பிறகு டவுனுக்கு, பிறகு வீட்டுக்கு, கடைசியில் தீம்பாருக்கு. வேலைக்கென்று துணி வாங்குவது எங்கள் லயத்தில் கேள்விப்படாத விஷயம். "வேலைக்குப் போடுறதுக்கு யாருடா காசு குடுத்துத் துணி வாங்குவா?" என்பார் அம்மா.

தண்ணீர் புகாத துணி என்றால் உலகத்துக்கு முதலில் ஞாபகம் வருவதே ரப்பர்தான். 1823-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்ல்ஸ் மக்கின்டோஷ், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அதை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி அழுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் ஆங்கிலத்தில் மழைக்கோட்டுக்கு அவர் பெயர்தான். அது வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும், நாற்றமும் அடிக்கும். 1839-இல் அமெரிக்காவில் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பார்த்தார். 1840-களில் இங்கிலாந்தில் ஹன்காக் அதற்குக் காப்புரிமை எடுத்தார். ஒட்டுவதும் விறைப்பதும் தீர்ந்தன. டயருக்கு முன்பே ரப்பர் மழைக்கோட்டாகவும் காலணியாகவும் உலகத்தைச் சுற்றிவிட்டது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்வதற்கெல்லாம் மிக முந்திய கதை இது.

பிறகு போர் வந்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சேற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் நின்ற சிப்பாய்களின் கால்கள் அழுகின. பிரிட்டிஷ் ராணுவம் எடின்பரோவிலிருந்த நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனியிடம் முழங்கால் உயர பூட்ஸ் கேட்டது. போர் முடிவதற்குள் 11 லட்சத்து 85 ஆயிரம் ஜோடிக்கு மேல் செய்து கொடுத்தார்கள். அந்த ஆண்டுகளில் மலாயா உலகத்துக்கு ரப்பர் கொடுக்கும் முதன்மையான நாடுகளில் ஒன்றாகியிருந்தது. 1909-இல் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் கைக்கு மாறிய கெடாவிலும், சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் பக்கமெல்லாம் காடு அழிந்து தோட்டமாகிக்கொண்டிருந்தது. கங்காணிகள் கூட்டி வந்த ஆட்கள் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாமில் நாள் கழித்து, இந்தத் தோட்டங்களுக்கு வந்தார்கள். வெறுங்காலோடு.

அழகுக்காக இதைச் சொல்லவில்லை. அந்த வெறுங்காலுக்கு ஒரு நோய்க்கணக்கு உண்டு. கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகிறது என்பதை 1890-களின் இறுதியில் கெய்ரோவில் லூஸ் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்துவிட்டார். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய டார்லிங் குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களின் தொழிலாளர்களிடம் இந்தப் புழுவை ஆராய்ந்தது. ரத்தச்சோகை பிடித்து வெளுத்துப்போன ஆட்களைச் சோம்பேறிகள் என்று துரைமார் திட்டிய காலம் அது. புழு எந்த வழியாக நுழைகிறது என்று அறிவியலுக்குத் தெரியும். காலை மூடும் பொருள் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் இந்த முரண் உச்சத்துக்குப் போனது. 1941 டிசம்பரில் ஜித்ரா விழுந்தது. 1943-இல் ஜப்பானியர் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றது, துணி இறக்குமதியும் நின்றது. ஆட்களைச் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியவர்கள் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்ததாகப் பாட்டி சொல்வார். அப்போது அவர் சிறுமி. சாக்கு அரிக்கும், பேன் பிடிக்கும். விற்காமல் கிடந்த ரப்பர் தகட்டை இடுப்பில் சுற்றியவர்களும் உண்டாம். "உக்காந்தா ஒட்டிக்கும், எந்திரிச்சா தோலு வரும்" என்று சொல்லிச் சிரிப்பார். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

மழைக்கு வருவோம். தோட்டத்தில் மழைக்கோட்டுப் பேச்சு எழாததற்கு ஒரு கணக்கு இருந்தது. மழை பெய்தால் பட்டை நனையும். நனைந்த பட்டையைச் சீவினால் பால் கோட்டில் ஓடாமல் மரமெங்கும் பரவி வீணாகும். ஆகவே மழைக்கு வெட்டு இல்லை; வெட்டு இல்லாதபோது மழைக்கோட்டு எதற்கு? கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மழை பெரட்டுக்கு முன்னால்தான் பெய்யும் என்று சட்டமா இருக்கிறது? ஏப்ரலிலும் அக்டோபரிலும் கெடா மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. முந்நூறு மரம் வெட்டி முடித்த பிறகு கொட்டும். மங்கு நிரம்பி வழியும். வெட்டிய ஆள் அப்போதுதான் ஓடுவார், மிஞ்சியதையாவது வாளியில் சேர்க்க. ஸ்டோரில் கிராணி மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு எத்தனை விழுக்காடு ரப்பர் என்று பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தால் எடை குறையும், எடை குறைந்தால் காசு குறையும். நனைந்ததும் அவர், நட்டமும் அவருக்கு.

1955 வேலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, நாள் கணக்கில் கூலி வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும், தர முடியாவிட்டால் கூலியாவது தர வேண்டும் என்றது. காகிதத்தில் நல்ல பிரிவு. ஆனால் கிலோவுக்கும் ரப்பர் விலைக்கும் ஏற்ப ஏறி இறங்கும் சம்பளத்தில், மழை மாதம் என்றால் அடுப்பு சிறுத்தது. மாதச் சம்பளம் கேட்டு 1990-இல் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தமே செய்தார்கள். மழையின் நட்டத்தை யார் ஏற்பது என்பதும் அந்தக் கோரிக்கைக்குள் இருந்தது என்பது என் வாசிப்பு. குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டமானது 2013-இல்தான். அதற்குள் எங்கள் பக்கத்து ரப்பரில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது.

இதற்கிடையில் ஒரு தொழில்நுட்பம் வந்தது. வெட்டுக் கோட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக்கைப் பாவாடைபோல் ஒட்டி, பட்டை நனையாமல் காப்பது. மழைத் தடுப்பு என்பார்கள். ஒரு பொறியாளனாக அதைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கும். மலிவு, எளிமை, இழந்த வெட்டு நாள்களை மீட்டுத் தரும். அதாவது மழை நாளிலும் வேலை உண்டு. மழைக்கு வெட்டு இல்லை என்ற பழைய கணக்கு இப்போது உடைகிறது, மரத்துக்குக் கோட்டும் வந்தாயிற்று. அம்மாவுக்கு வந்தது உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பை. அடியைக் கிழித்துத் தலைவழியே மாட்டிக்கொள்வது. அதற்குள் வேர்வை வெளியேற வழியில்லை, அரை மணி நேரத்தில் உள்ளேயும் மழைதான். பூட்ஸை அவர் சொந்தக் காசில் பாசார் மாலாமில் வாங்கினார். ரப்பர் பூட்ஸ் என்றுதான் சொல்வார். புரட்டிப் பார்த்தேன், பி.வி.சி.

பாதுகாப்பு உடை என்ற சொல் தோட்டத்தில் அழுத்தமாகக் கேட்டது மருந்து தெளிப்பவர்கள் விஷயத்தில். முதுகில் தோம்போடு பராகுவாட் அடித்தவர்களில் பெண்கள் அதிகம். தோம்பு கசிந்தால் சட்டை நனையும். நனைந்த பருத்தி மருந்தைத் தோலோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்துணி என்றால் இங்கே குளிர் மட்டுமல்ல. முகமூடி, கையுறை, மேலங்கி கொடுத்த இடங்களிலும் 33 பாகை வெயிலில் அவற்றை நாள் முழுக்கப் போட முடியாது. குளிர்நாட்டு உடம்பை வைத்து வரைந்த உடை அது. ஐரீன் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகனித்தா போன்ற அமைப்புகள் இந்தப் பெண்களின் உடல்நிலையை ஆவணப்படுத்தின. 2002-இல் அரசாங்கம் பராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது, 2006-இல் பின்வாங்கியது, கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முழுத் தடை வந்தது. பதினெட்டு வருடம்.

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 26-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி செய்து கொடுக்கும் எதற்கும் முதலாளி தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொழிற்சாலைப் பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குப் பாதுகாப்புக் காலணி, கண்ணாடி எல்லாம் முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

போன நவம்பரில் பாடாங் செராய் பக்கம் மழையில் மோட்டாரை நிறுத்தி ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரம் ஒதுங்கினேன். வங்காளதேசத்து ஆட்கள் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். உடம்பில் கறுப்புக் குப்பைப் பை, தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டது. காலில் புது பூட்ஸ். கம்பெனி கொடுத்ததா என்று மலாயில் கேட்டேன். ஆமாம் என்றார் இளையவர். மற்றவர் அவரைப் பார்த்துவிட்டு, சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றார்.