வீட்டு முனையில் ஒரு மலிவான லேசர்: 1260–1360 நானோமீட்டரின் வரலாறு

ஒளியிழைத் தொடர்பின் வரலாற்றை நம் பாடநூல்கள் சாதனைகளின் வரிசையாகவே சொல்கின்றன. 1966இல் சார்ல்ஸ் காவும் ஹாக்கமும் கண்ணாடி இழைவழியே செய்தி அனுப்ப முடியும் என்று கணக்கிட்டுக் காட்டினர். 1970இல் கார்னிங் நிறுவனம் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்கும் குறைவான இழப்புள்ள இழையை உருவாக்கியது. அதே ஆண்டில் லெனின்கிராடில் அல்ஃபெரோவின் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹயாஷி, பானிஷ் இருவரும், அறை வெப்பநிலையில் இடைவிடாது இயங்கும் குறைக்கடத்தி லேசரைச் செய்து முடித்தனர். அதன் பின் வேகம், தொலைவு, மேலும் வேகம். கடலடி வடங்களுக்கு இந்த வரலாறு பொருந்தும். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் இழைக்குப் பொருந்தாது. அங்கே பொறியாளர்கள் கேட்ட கேள்வி வேறு: எவ்வளவு சுமாரான லேசரைக் கொண்டு காரியத்தை முடிக்கலாம்? அதற்கு அவர்கள் கண்ட விடை 1260 முதல் 1360 நானோமீட்டர் வரையிலான ஓர் அலைநீளப் பட்டையாகத் தரநிர்ணய ஆவணங்களில் பதிந்து கிடக்கிறது. நம் தெருக்களில் இணைய வேகத்தைக் கூட்ட முயல்வோர் இன்றும் அந்தப் பட்டையைக் கணக்கில் கொள்ளாமல் அடியெடுத்து வைக்க முடியாது.

மொழியியல் முதுகலை படித்தவர்க்கு லேசரில் என்ன வேலை என்று ஆய்வுக்கூட நண்பர்கள் கேட்கிறார்கள். தரநிர்ணய ஆவணத்தை நான் ஓர் இலக்கண நூலாகவே வாசிக்கிறேன். எது வழு, எது வழுவமைதி, எது மரபு என்று இலக்கணம் வகுப்பதைப் போலவே அதுவும் வகுக்கிறது. எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆவணம் சொல்லும் இடத்தில்தான் அது எழுதப்பட்ட காலத்தின் பொருளாதாரம் வெளிப்படும்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். தொலைபேசி நிலையத்திலிருந்து ஓர் இழை புறப்படுகிறது. தெருவில் அது ஸ்ப்ளிட்டர் எனப்படும் பிரிப்பானை அடைந்து 16, 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிகிறது. பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டாம். அது வெறும் கண்ணாடி வேலை. அதனால்தான் இதற்குச் செயலறு ஒளி வலையமைப்பு என்று பெயர். மைசூரில் நான் குடியிருக்கும் அக்ரஹாரம் பகுதியிலும் இதே அமைப்புதான்: கம்பத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து வீட்டுக்கொன்றாகக் கிளம்பும் மெல்லிய வடங்கள், மிச்ச நீளத்தைச் சுருட்டிக் கட்டிய வளையங்கள். கொடையாக வந்த நிலத்தில் அமைந்த அந்தணர் குடியிருப்பைக் குறித்த சொல் அக்ரஹாரம். இன்று இங்கே எல்லாரும் வாழ்கிறார்கள், கடைகள் நிறைந்துவிட்டன. ஆனாலும் எதிரெதிர் வரிசைகளாக வீடுகள் ஒட்டி நிற்கும் பழைய அக்ரஹார அமைப்பு, பிரிப்பான் வைப்பவருக்காகவே வகுக்கப்பட்டதோ என்று தோன்றும்.

இந்த அமைப்பில் செலவு இரு முனைகளிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. நிலையத்தில் உள்ள லேசர் ஒன்று. அதன் விலையை 32 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் லேசரின் விலையோ முழுவதும் அந்த ஒரு வீட்டின் தலையில் விழுகிறது. நிலைய லேசர் 32 மடங்கு விலை கூடியதாக இருந்தாலும் ஒரு வீட்டுக்கு இரண்டின் சுமையும் சமம். ஆகவே நேர்த்தியை நிலையத்தில் வை, சிக்கனத்தை வீட்டில் வை என்பது இத்துறையின் முதல் விதியாயிற்று.

வீட்டுக்கு இழை கொண்டுசென்ற தொடக்ககால முயற்சிகளில் லேசருக்கே இடமில்லை. 1978இல் ஜப்பானின் ஹிகாஷி-இகோமாவில் நடந்த ஹை-ஓவிஸ் சோதனை, விலை கருதி எல்.இ.டி. விளக்கையே ஒளிமூலமாகக் கொண்டது. 1982இல் குறுந்தகடு இயக்கி சந்தைக்கு வந்தது நிலைமையை மாற்றியது. அதற்குள் 780 நானோமீட்டர் லேசர் ஒன்று இருந்தது. அதுவரை ஆய்வக அபூர்வமாக இருந்த பொருள் பாட்டுக் கேட்கும் கருவியின் உதிரி பாகமாயிற்று. இந்த லேசரையே சந்தாதாரர் இணைப்புக்குப் பயன்படுத்தலாமே என்று 1980களில் ஆய்வாளர் சிலர் முயன்றனர். யோசனை கெட்டிக்காரத்தனமானது, இழைதான் ஒத்துழைக்கவில்லை. 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.35 டெசிபல் இழக்கும் கண்ணாடி, 780இல் அதைப்போல் பல மடங்கு இழக்கிறது. போதாக்குறைக்கு, ஒற்றைப்பாங்கு இழை அந்த அலைநீளத்தில் ஒற்றைப்பாங்காகவும் இருப்பதில்லை. மலிவு லேசர் வேண்டும், ஆனால் அது கண்ணாடிக்கு உகந்த அலைநீளத்தில் வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1987இல் பிரித்தானியத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரிப்பான் வைத்த தொலைபேசி வலையமைப்பை முன்மொழிந்தபோது 1300 நானோமீட்டர்ப் பகுதியைத் தேர்ந்தது இந்தப் பின்னணியில்தான்.

அந்தப் பகுதியில் கிடைத்த மலிவுச் சரக்கு ஃபேப்ரி-பெரோ லேசர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரு கண்ணாடிகளுக்கிடையே ஒளியை எதிரொளிக்கவிட்டு அளவை செய்த பிரெஞ்சு இயற்பியலர் இருவரின் பெயர் அது. குறைக்கடத்திப் படிகத்தைச் சீராகப் பிளந்தால் இரு முனைகளும் தாமாகவே கண்ணாடிகளாகிவிடும். செய்முறை அவ்வளவு எளிது. ஆனால் ஏறத்தாழ 300 மைக்ரோமீட்டர் நீளமுள்ள அந்தக் குழிவுக்குள் ஒரே ஓர் அலைநீளம் மட்டும் நிற்பதில்லை. ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் பல அலைநீளங்கள் வரிசையாக எழுகின்றன. ஆற்றல் அவற்றுக்கிடையே கணந்தோறும் கைமாறுகிறது. இழையில் ஒவ்வோர் அலைநீளமும் வெவ்வேறு வேகத்தில் சென்றால் இந்தக் கைமாற்றம் இரைச்சலாகிவிடும். நல்வாய்ப்பாக, வழக்கமான இழையில் அந்த வேக வேறுபாடு ஏறத்தாழ மறையும் இடம் 1310 நானோமீட்டரை ஒட்டியே உள்ளது. லேசரின் குறையை இழையின் குணம் மூடி மறைத்தது என்று சொல்லலாம்.

இரண்டாவது குறை வெப்பம். ஃபேப்ரி-பெரோ லேசரின் அலைநீளம் ஒரு பாகை செல்சியசுக்குச் சுமார் 0.4 நானோமீட்டர் நகரும். குளிரூட்டி வைத்தால் நிறுத்தலாம். குளிரூட்டியோ லேசரைவிட விலை கூடியது. வெளிப்புறப் பெட்டிகளுக்கு வழக்கமாகக் கொள்ளும் −40 முதல் 85 பாகை வரையிலான வரம்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 125 பாகைக்கு 50 நானோமீட்டர். ஒரு சில்லுக்கும் இன்னொன்றுக்கும் உற்பத்தியில் வரும் வேறுபாட்டையும், பல அலைநீளங்களின் அகலத்தையும் சேர்த்தால் 100 நானோமீட்டர் அகலப் பட்டை ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். 1260–1360 என்பது மலிவு லேசர் அலைந்து திரிவதற்கு ஒதுக்கிய மேய்ச்சல் நிலம்.

1995இல் பல நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் எஃப்சான் என்ற குழுவாகக் கூடின; 1998இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.983.1 தரம் வெளிவந்தது. வீட்டிலிருந்து மேலே செல்லும் ஒளிக்கு 1260–1360, நிலையத்திலிருந்து கீழே வருவதற்கு 1480–1580 என்று இரண்டுக்கும் நூறு நூறாகவே பிரித்தது அது. மூன்றாண்டுகளில் தொலைக்காட்சிக்கு இடம் வேண்டியிருந்தது. 2001இல் கீழ்வரும் பட்டையை 1480–1500 என்று இருபதாகச் சுருக்கினார்கள். மேல்செல்லும் பட்டையில் கைவைக்கவில்லை. நிலைய லேசரைத் துல்லியமாக்கும் செலவை வீடுகள் பகிர்ந்துகொள்ளும். வீட்டு லேசரைத் துல்லியமாக்கும் செலவைப் பகிர ஆளில்லை. மேலே நான் சொன்ன விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்து இரண்டு குடும்பங்கள் பிரிந்தன. 2003இல் ஒன்றியத்தின் ஜி-பான். 2004இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஐ-ட்ரிபிள்-ஈயின் இ-பான். இரண்டாவதை வகுத்த குழு தன்னை ‘முதல் மைல்’ ஈதர்நெட் என்று அழைத்துக்கொண்டது. அதுவரை நிறுவனங்கள் இதே தெருவைக் ‘கடைசி மைல்’ என்றன. நிலையத்தில் நின்று பார்த்தால் கடைசி, வீட்டு வாசலில் நின்று பார்த்தால் முதல். சுட்டுச்சொற்களைப் படிப்பவர்க்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தன்னை வாசலிலிருந்து பெயரிட்டுக்கொண்ட அந்தக் குடும்பமே வீட்டு முனையின் மலிவு லேசரை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தது என்பது தற்செயலாகவும் இருக்கலாம்.

ஜி-பான் ஆவணம் ஓர் எச்சரிக்கையோடு வந்தது. நொடிக்கு 1.25 ஜிகாபிட் போன்ற வேகங்களில் வீட்டு முனையில் ஃபேப்ரி-பெரோ லேசர் தாங்கக்கூடிய எல்லை 10 கிலோமீட்டர் என்று அது கருதியது. வலையமைப்புக்கு 20 கிலோமீட்டர் தேவை. மாற்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1971இல் பெல் ஆய்வகத்தின் கொகெல்நிக், ஷாங்க் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த டி.எஃப்.பி. லேசர், படிகத்துக்குள் சுமார் 200 நானோமீட்டர் இடைவெளியில் நுண்வரிகளைப் பொறித்து ஒரே அலைநீளத்தை மட்டும் நிற்க வைக்கிறது. வெப்பத்தால் அது பாகைக்குச் சுமார் 0.1 நானோமீட்டர்தான் நகரும். செய்வது கடினம் என்பதால் விலை கூடுதலாக இருந்தது. உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கியது. ஜி-பான் வீட்டுப் பெட்டிகளில் டி.எஃப்.பி.யே பரவலாயிற்று. ஆவணம் 100 நானோமீட்டரை அனுமதித்துக்கொண்டிருக்க, புழக்கமோ அதற்குள் குறுகிய இடத்துக்கு நகர்ந்துவிட்டது. 2007இல் ஜி.984.5 தரம் 1290–1330 என்ற குறுகிய பட்டையை வகுத்தபோது அது பெரும்பாலும் நடந்து முடிந்ததையே பதிவு செய்தது. வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது.

அந்தச் சுருக்கத்தால் காலியான நிலத்தில் 1260–1280 பகுதியை 2010இல் எக்ஸ்ஜி-பான் எடுத்துக்கொண்டது. மீண்டும் அதே கணக்கு: 125 பாகைக்கு 12.5 நானோமீட்டர், இருபதுக்குள் குளிரூட்டாத டி.எஃப்.பி. அடங்கும். பழையதும் புதியதும் ஒரே இழையில் அலைநீளத்தால் பிரிந்து வாழலாம். இ-பான் குடும்பத்துக்கு இந்த வசதி இல்லை. அதன் பெட்டிகள் பல ஃபேப்ரி-பெரோ லேசரோடு வீடுகளுக்குப் போய்விட்டன; அவற்றின் ஒளி நூறு நானோமீட்டரில் எங்கும் விழலாம். ஆகவே 2009இல் 10 ஜிகாபிட் இ-பான் வந்தபோது, அலைநீளத்தால் பிரிக்காமல் நேரத்தால் பிரித்தார்கள்: பழைய பெட்டி பேசும்போது புதியது மௌனம், புதியது பேசும்போது பழையது மௌனம். நிலையத்தின் ஏற்பிக்கு இரண்டு வேகங்களும் புரிய வேண்டும். கூடவே, கீழே 10, மேலே 1 ஜிகாபிட் என்ற வகையையும் வைத்தார்கள். வீட்டு லேசரை விலையேற்ற விரும்பாதவர்களுக்கான வழி அது.

வேறு கிளைகளும் துளிர்த்தன. 2000இல் தென்கொரிய ஆய்வாளர்கள் ஃபேப்ரி-பெரோவின் குறையையே கருவியாக்கினர்: வெளியிலிருந்து மெல்லிய ஒளியைச் செலுத்தி, அதன் பல அலைநீளங்களில் ஒன்றை மட்டும் ஓங்கச் செய்தால் ஒரே மலிவுச் சில்லு எந்த வீட்டுக்கும் பொருந்தும். அழகான இயற்பியல், கொரியாவுக்கு வெளியே பெரிதாகப் பரவவில்லை. பின்னர் வந்த என்ஜி-பான்2 வீட்டு லேசரின் அலைநீளத்தை மாற்றியமைக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று கோரியது. அந்த லேசரின் விலையைப் பார்த்த நிறுவனங்களுள் பெரும்பாலானவை 2016இல் வந்த, எளிய நிலையான அலைநீளம் கொண்ட எக்ஸ்ஜிஎஸ்-பானுக்குச் சென்றன.

இந்தியாவுக்கு வருவோம். 1979இல் புனேயில் இரு தொலைபேசி நிலையங்களுக்கிடையே இழை போடப்பட்டது. அது வீட்டுக்கானது அன்று. வீட்டை அடையும் பகுதியின் செலவே நம் தொலைத்தொடர்பின் முடிச்சு என்று 1990களில் வலியுறுத்தியவர் சென்னை ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலா. அவருடைய குழு அதற்குக் கம்பியில்லா விடையாக கார்டெக்டை உருவாக்கியது. இழைவழி விடை பின்னரே வந்தது: சி-டாட் உள்நாட்டிலேயே ஜி-பான் கருவிகளை வடிவமைத்தது, 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டம், ஏறத்தாழ 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளுக்கு அத்தொழில்நுட்பத்தைக் கொண்டுசெல்ல முனைந்தது. பெட்டியின் வடிவமைப்பு நம்முடையது. அதற்குள் துடிக்கும் இண்டியம் பாஸ்பைடு சில்லு இறக்குமதி. ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்ற தொடரின் பொருள் எல்லையை ஆராய விரும்பும் மாணவர்க்கு இது நல்ல களம்.

நகரத் தெருக்களில் கதை வேறு. இங்கே இழையை இழுத்தவர்களில் பலர் கேபிள் டி.வி. ஆபரேட்டர்கள். கைக்கு எட்டிய விலையில் கிடைத்ததை, இ-பான் பெட்டிகளையும் சேர்த்து, வாங்கி மாட்டினார்கள். அதில் தவறில்லை, மாதக் கட்டணம் சில நூறு ரூபாய் என்றால் பெட்டியின் விலை வேறெப்படி இருக்க முடியும்? ஆனால் அந்தச் சிக்கனத்தின் தவணை இப்போது வருகிறது. ஒரே பிரிப்பானில் தொங்கும் 32 வீடுகளில் ஒரு வீடு 10 ஜிகாபிட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பெட்டிகள் குறுகிய பட்டைக்குள் ஒளிரும் ஜி-பானாக இருந்தால், நிலையத்தில் ஒரு வடிகட்டியும் புதிய முனையும் சேர்த்தால் போதும். மற்ற 31 வீட்டாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அகன்ற பட்டையில் அலையும் இ-பானாக இருந்தால், ஆபரேட்டர் இரு வேக ஏற்பியுள்ள புது நிலையக் கருவி வாங்க வேண்டும், அல்லது 31 வீடுகளுக்கும் ஏறி இறங்க வேண்டும். மேலே செல்லும் நேரத்தையும் பழைய பெட்டிகள் புதியதோடு பங்கிட்டுக்கொள்ளும். அவை ஒரு மடங்கு வேகத்தில் பேசி முடிக்கும்வரை பத்து மடங்கு வேகப் பெட்டி காத்திருக்கும்.

எந்தத் தெருவில் எந்த வகை என்பதைப் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்து அறியலாம். அதில் மேல்செல்லும் அலைநீளம் 1310 என்று மட்டுமே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். அந்த 1310 எவ்வளவு தூரம் நகரும் என்பது அச்சிடப்படுவதில்லை.